ஹென்றி வாட்ஸ்வர்த் லாங்ஃபெலோ

ஹென்றி வாட்ஸ்வர்த் லாங்ஃபெலோ (பெப்ரவரி 27, 1807 – மார்ச் 24, 1882) 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அமெரிக்கக் கவிஞரும் மொழிபெயர்ப்பாளரும் ஐரோப்பிய மொழிகளின் பேராசிரியரும் ஆவார். இவாஞ்சலின் (1847), ஹயவாதாவின் பாடல் (1855) ஆகிய நெடும் கதைப்பாடல்கள் இவருக்குப் பெரும் புகழ் ஈட்டித் தந்தன. எனினும் இவரது வாழ்வின் முற்பகுதியில் இவருக்குச் சோறு போட்டது கவிதை அன்று. மொழியாசிரியர் பணியே ஆகும். கற்பிக்க வேண்டிய மொழிகளைத் தாமே முதலில் கற்றுக்கொள்வதற்காக 19ஆம் அகவையில் இவர் கடல் கடந்து சென்றார். அவ்வாறு கற்ற மொழிகளுள் இத்தாலிய மொழி இறுதிவரை இவரோடு இருந்தது. தாந்தேயின் டிவைன் காமெடியை முழுமையாக ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த முதல் அமெரிக்கர் இவரே.

இளமையும் கல்வியும்

லாங்ஃபெலோ, மேய்ன் மாநிலத்தின் துறைமுக நகரான போர்ட்லாந்தில் பிறந்தார். அப்போது அப்பகுதி மாசச்சூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்திருந்தது. தந்தை ஸ்டீபன் லாங்ஃபெலோ வழக்கறிஞர். ஒரு தவணை அமெரிக்கக் காங்கிரசின் உறுப்பினராகவும் இருந்தவர். தாயார் சில்பா. தாய்வழிப் பாட்டனார் பெலெக் வாட்ஸ்வர்த், அமெரிக்க விடுதலைப் போரில் படைத்தலைவராகப் பணியாற்றியவர்.

1822இல் பிரன்ஸ்விக் நகரிலுள்ள போடன் கல்லூரியில் சேர்ந்தார். பின்னாளில் புகழ்பெற்ற புதின எழுத்தாளரான நத்தானியேல் ஹாதார்ன் இவருடைய வகுப்புத் தோழர் ஆவார். 1825இல் பட்டம் பெற்றபோது இலக்கியத்தையே வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ள விரும்பினார். தந்தையோ மகன் சட்டம் படிக்க வேண்டும் என்று கருதினார். எழுத்தை மட்டும் நம்பி ஒருவர் குடும்பம் நடத்தக்கூடிய நாடாக அமெரிக்கா அன்று இருக்கவில்லை என்பதால், தந்தையின் அச்சம் நியாயமானதே எனலாம்.

பேராசிரியர் பதவியும் அதன் நிபந்தனையும்

அக்காலத்து அமெரிக்கக் கல்லூரிகளில் கல்வி என்றால் இலத்தீனும் கிரேக்கமுமே ஆகும். பேச்சு வழக்கிலுள்ள ஐரோப்பிய மொழிகளுக்குத் தனித்துறை அமைப்பது புதிய எண்ணமாக இருந்தது. ஆர்வர்டு கல்லூரியில் அத்தகைய துறை ஏற்கெனவே இருந்தது. ஜார்ஜ் டிக்னர் அதன் பேராசிரியராக இருந்தார். போடன் கல்லூரியும், தனக்குக் கிடைத்த ஓர் அறக்கொடையைக் கொண்டு அத்தகைய பேராசிரியர் பதவி ஒன்றை ஏற்படுத்த முடிவு செய்தது. கல்லூரி அறங்காவலர்களில் ஒருவரான பெஞ்சமின் ஓர், லாங்ஃபெலோ செய்திருந்த ஓரேசின் இலத்தீன் பாடலொன்றின் மொழிபெயர்ப்பைக் கண்டு வியந்து இவரது பெயரை முன்மொழிந்ததாகக் கூறப்படுகிறது.

பதவிக்கு ஒரு நிபந்தனை இருந்தது. இவர் ஐரோப்பா சென்று மொழிகளைக் கற்று வர வேண்டும். அதற்கான செலவைக் கல்லூரி ஏற்காது. தந்தையே பொருளுதவி செய்தார். மூன்றாண்டுப் பயணத்துக்கு ஆன மொத்தச் செலவு 2,604 டாலர். இவர் பின்னர்ப் பெற்ற ஆண்டு வருவாயைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. கற்றுத் திரும்பினால் வேலை உண்டு என்ற வாய்ச்சொல்லைத் தவிர இப்பயணத்துக்கு வேறு உறுதி எதுவும் இருக்கவில்லை. அவ்வாய்ச்சொல்லும் பின்னர் ஆட்டம் கண்டது.

1826 மே மாதம் நியூயார்க்கிலிருந்து கப்பலேறிய லாங்ஃபெலோ பிரான்சை அடைந்தார். பாரிசில் இவர் தங்கிய விடுதியில் அமெரிக்கர் பலர் இருந்தமையால் பிரெஞ்சுப் பேச்சு எதிர்பார்த்தபடி வளரவில்லை. அதனால் கோடையில் நகருக்கு வெளியே ஓத்தேய் என்னும் சிற்றூரில் பிரெஞ்சுக்காரர் நடுவே சென்று தங்கினார். நாட்டவர் வீட்டில் குடியிருந்து மொழி பயில்வது என்னும் வழியை அதன்பின் இவர் எங்கும் விட்டுவிடவில்லை. 1827இல் ஸ்பெயினுக்குச் சென்று மாட்ரிட்டில் பல மாதங்கள் தங்கினார். அங்கு எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங்கின் நட்பைப் பெற்றார். தென் அமெரிக்க நாடுகளுடன் உறவு வளர்ந்துவந்த காலமாதலால், தந்தையின் கணக்கில் பிரெஞ்சுக்கு அடுத்தபடி பயன் தரக்கூடிய மொழி ஸ்பானியமே. இத்தாலிய மொழியால் கிடைக்கக்கூடிய உலகியல் பயன் குறைவாகவே இருந்தது.

இத்தாலியில் ஓராண்டு

1827 டிசம்பரில் ஸ்பெயினின் தென்கோடியிலிருந்து மார்சேய் துறைமுகத்துக்கு வந்த லாங்ஃபெலோ, அங்கிருந்து கடலோர வழியாக ஜெனோவாவுக்கும் பின்னர் பீசா, புளோரன்சு நகரங்களுக்கும் சென்றார். இப்பயணத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் கிரீன் என்னும் அமெரிக்க இளைஞர் துணையாகக் கிடைத்தார். விடுதலைப் போர்த் தளபதி நத்தானியேல் கிரீனின் பேரனான இவருக்கு அப்போது 16 வயது. இந்த நட்பு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

இத்தாலி என்ற பெயரில் ஒரே நாடு அன்று இருக்கவில்லை. புளோரன்சு, தசுக்கானிக் கோமகனின் ஆட்சியிலும், ரோம் போப்பாண்டவரின் ஆட்சியிலும், வெனிசு ஆஸ்திரியப் பேரரசின் கீழும், நேப்பிள்சு தனி அரசாகவும் இருந்தன. மொழியின் நிலையும் ஏறத்தாழ அவ்வாறே இருந்தது. தாந்தே, பெட்ரார்க், பொக்காச்சியோ ஆகிய மூவரும் எழுதிய தசுக்கானி வழக்கை அடிப்படையாகக் கொண்ட எழுத்துமொழி ஒன்று படித்தவர்களுக்குப் பொதுவாக இருந்தது. வீதியிலும் வீட்டிலும் மக்கள் பேசியதோ அவரவர் வட்டார மொழியே ஆகும். புத்தகத்தில் இத்தாலிய மொழி படித்துவிட்டு வரும் ஒருவர், வெனிசுப் படகோட்டியின் பேச்சையோ நேப்பிள்சு மீன்காரியின் பேச்சையோ எளிதில் புரிந்துகொள்ள முடியாது. இலக்கிய மொழியின் தாயகமான புளோரன்சிலும் சிக்கல் உண்டு. அங்கு இரு உயிர்களுக்கு இடையே வரும் ககரத்தை ஹகரம் போல ஒலிப்பர். (தமிழில் ‘அகம்’, ‘முகம்’ என்னும் சொற்களில் ககரம் நெகிழ்வதை இதனுடன் ஒப்பிடலாம்.) தசுக்கானியரின் மொழியை ரோமானியரின் வாயால் பேசுவதே சிறந்தது என்று இத்தாலியர் பழமொழியாகச் சொல்வதன் காரணமும் இதுவே.

தொடக்க நிலை மாணவராக லாங்ஃபெலோவுக்கு ஒரு வசதி இருந்தது. ஸ்பானியமும் இத்தாலியமும் இலத்தீனிலிருந்து பிறந்த உடன்பிறப்பு மொழிகள். பெரும்பாலான சொற்களை ஊகித்தே அறிந்துகொள்ளலாம். ஆனால் படிப்பதற்கு உதவும் இவ்வொற்றுமை பேசும்போது பகையாகிவிடும். பல மாதங்கள் ஸ்பானியம் பேசிப் பழகிய நாக்கில் இத்தாலியச் சொல்லுக்குப் பதில் ஸ்பானியச் சொல்லே முந்திக்கொண்டு வரும்.

1828 பெப்ரவரியில் ரோம் நகரை அடைந்த இவர், நவோனா சதுக்கத்தின் அருகே பெர்சியானி என்னும் குடும்பத்தாரின் வீட்டில் தங்கினார். இதுவே இவரது இத்தாலியப் பள்ளியாக அமைந்தது எனலாம். அவ்வீட்டுப் பெண்கள் இசையில் தேர்ந்தவர்கள். பிற ஐரோப்பிய மொழிகளும் அறிந்தவர்கள். தவறாகப் பேசினால் திருத்தவும், சொல் கிடைக்காதபோது வேறு மொழியில் எடுத்துக் கொடுக்கவும் அவர்களால் முடிந்தது. உணவு மேசை உரையாடல், மாலை நேரப் பாட்டு, விருந்தினர் வருகை என மொழி நாள் முழுவதும் காதில் விழுந்தது. பகலில் பழைய ரோமின் சிதைவுகளையும் தேவாலயங்களையும் பார்த்துவரலாம். ரோமின் திருவிழாக் காலத்தையும் தவக் காலச் சடங்குகளையும், கத்தோலிக்கர் அல்லாத நியூ இங்கிலாந்துக் குடும்பத்திலிருந்து வந்த இவர் இங்கேயே முதன்முறை கண்டார்.

அவ்வாண்டு வசந்தத்தில் கிரீனுடன் நேப்பிள்சுக்குச் சென்றார். ஒரு மாலை வீட்டின் மொட்டை மாடியில் வெசூவியசு எரிமலையைப் பார்த்தவாறு இருவரும் உலவியபோது, லாங்ஃபெலோ தம் வாழ்க்கைத் திட்டங்களை விரித்துரைத்தார் என்று, கிரீன் பின்னாளில் எழுதிய தம் பாட்டனாரின் வரலாற்று நூலை இவருக்குக் காணிக்கையாக்கியபோது நினைவுகூர்ந்துள்ளார்.

ஜூலையில் ரோமில் கடும் காய்ச்சல் கண்டது. பெர்சியானி குடும்பத்தினர் உடனிருந்து பேணினர். தேறியபின், நகருக்குத் தெற்கே குன்றின் மேலுள்ள அரிச்சா என்னும் சிற்றூரில் ஏறத்தாழ ஒரு மாதம் ஓய்வெடுத்தார். நோயினாலும் விருப்பத்தினாலும் இத்தாலியில் தங்கிய காலம் திட்டமிட்டதைவிட நீண்டது. செருமன் மொழியைக் கற்க வேண்டும் என்று டிக்னர் அறிவுறுத்தியிருந்தும், ரோமைவிட்டுக் கிளம்ப இவருக்கு மனம் வரவில்லை. டிசம்பரில் வெனிசுக்கு வந்தபோது விடுதியில் இருந்தவர்கள் இவரை இத்தாலியர் என்றே எண்ணினர். தாம் அமெரிக்கர் என்று இவர் சொன்ன பிறகே அவர்களுக்குத் தெரிந்தது. இதைத் தந்தைக்கு எழுதிய மடலில் லாங்ஃபெலோ குறிப்பிடுகிறார்.

அம்மடலில் மகிழ்ச்சி மட்டும் இருக்கவில்லை. போடன் கல்லூரி, பேராசிரியர் பதவிக்கு மாற்றாக அதனினும் தாழ்ந்த பயிற்றாசிரியர் பதவியையே தர எண்ணியுள்ளது என்ற செய்தி தந்தை வழியாக வந்திருந்தது. இவருக்கு வயது போதாது என்பது சொல்லப்பட்ட காரணம். மூன்றாண்டுகளுக்கு முன் 18 வயதில் தெரிவு செய்தபோது அவர்களுக்கு இவரது வயது தெரியாதா என்று கேட்டு, அத்தகைய பதவியைத் தாம் ஏற்கப்போவதில்லை என்று லாங்ஃபெலோ தந்தைக்கு எழுதினார். கையில் வேலை இல்லை. செலவான பணமோ தந்தையுடையது. இந்நிலையில்தான் இவர் வியன்னா, பிராகு வழியாகச் செருமனிக்குச் சென்று 1829 தொடக்கத்தில் கெட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் படிப்பைத் தொடர்ந்தார். அங்கிருந்தபோது தங்கை எலிசபெத் இறந்த செய்தி வந்தது. ஆகஸ்டில் தாயகம் திரும்பினார்.

போடன் கல்லூரியில் ஆசிரியர் பணி

கல்லூரி முன்வந்து தந்த 600 டாலர் பயிற்றாசிரியர் பதவியை லாங்ஃபெலோ மறுத்துவிட்டார். முடிவில் 800 டாலர் ஊதியத்தில் பேராசிரியர் பதவியும், 100 டாலருக்கு நூலகர் பொறுப்பும் வழங்கப்பட்டன. 22ஆம் அகவையில் இவர் பேராசிரியரானார். காலை ஆறு மணிக்கு எழுந்ததும் பிரெஞ்சு வகுப்பு, முற்பகலில் ஸ்பானிய வகுப்பு, நண்பகலில் ஒரு மணி நேரம் நூலகம், மாலையில் மீண்டும் பிரெஞ்சு என்று இவரது நாள் சென்றது.

வகுப்பில் கொடுக்கத்தக்க பாடநூல்கள் கிடைக்கவில்லை. ஆகவே தாமே அவற்றைத் தொகுக்கத் தொடங்கினார். பிரெஞ்சு இலக்கணம், பிரெஞ்சுச் சிறு நாடகங்கள், ஸ்பானியக் கதைகள் ஆகியவை 1830இல் வெளிவந்தன. இத்தாலிய மொழிக்கென 1832இல் இரு நூல்களை வெளியிட்டார். ஒன்று, வெவ்வேறு நூற்றாண்டுகளின் இத்தாலியக் கதாசிரியர்களிடமிருந்து தேர்ந்தெடுத்த வாசகங்களின் தொகுப்பு. மற்றொன்று இத்தாலிய இலக்கணச் சுருக்கம். இவ்விலக்கணம் ஆங்கிலத்தில் அன்றிப் பிரெஞ்சில் எழுதப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. மாணவர்கள் இத்தாலியத்துக்கு வரும்போது பிரெஞ்சு கற்றிருப்பார்கள். ஒரு மொழியைப் படிக்கட்டாகக் கொண்டு அடுத்ததற்கு ஏறலாம். லாங்ஃபெலோ தாமே பிரெஞ்சு, ஸ்பானியம், இத்தாலியம் என்ற வரிசையில் ஏறி வந்தவர் ஆவார்.

1832 அக்டோபரில் நார்த் அமெரிக்கன் ரிவ்யூ இதழில் இத்தாலிய மொழியின் வரலாறு பற்றியும் அதன் வட்டார வழக்குகள் பற்றியும் நீண்ட கட்டுரை எழுதினார். வட்டார வழக்குகளுக்கு இவர் அளித்த இடம், நகரம் நகரமாகச் சென்று காதால் கேட்டவரின் ஆர்வத்தைக் காட்டுகிறது. ஐரோப்பியப் பயண நினைவுகளை அவுட்டர்-மேர் என்னும் உரைநடை நூலாக வெளியிட்டார். அரிச்சா சிற்றூருக்கும் அதில் ஓர் இயல் உண்டு. 1831இல் மேரி பாட்டர் என்பவரை மணந்தார்.

ஆர்வர்டில்

1834 டிசம்பரில், டிக்னரின் பதவியை ஏற்குமாறு ஆர்வர்டிலிருந்து அழைப்பு வந்தது. ஊதியம் 1,500 டாலர். செருமன் மொழியில் மேலும் தேர்ச்சி பெறும்பொருட்டு ஐரோப்பா சென்று வரலாம் என்றும் கூறப்பட்டது. 1835இல் மனைவியுடன் புறப்பட்டார். அவ்வாண்டு நவம்பரில், கருச்சிதைவுக்குப் பின் நோயுற்று மேரி நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் இறந்தார். 1836 இறுதியில் தனியராகத் திரும்பிய லாங்ஃபெலோ கேம்பிரிட்சில் பணியேற்றார்.

இங்கு தொடக்க நிலை வகுப்புகளை அந்தந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஆசிரியர்கள் நடத்தினர். இத்தாலிய வகுப்பு, சிசிலியைச் சேர்ந்த பியத்ரோ பாக்கி என்பவரிடம் இருந்தது. அவர்களை மேற்பார்வையிடுவதும் இலக்கியச் சொற்பொழிவு ஆற்றுவதும் பேராசிரியரின் கடமை. ஆசிரியர் எவரேனும் விலகினால் அவ்வகுப்பும் இவர் தலையில் விழுந்தது. தாந்தேயைப் பற்றிய இவரது சொற்பொழிவுகள் நன்கு அறியப்பட்டவை. 1839இல் வந்த முதற் கவிதைத் தொகுதியிலேயே தாந்தேயின் சில பகுதிகளின் மொழிபெயர்ப்பைச் சேர்த்திருந்தார்.

1843இல் ஃபேனி ஆப்பிள்டனை மணந்தார். மாமனார் நேத்தன் ஆப்பிள்டன், கேம்பிரிட்சில் லாங்ஃபெலோ வாடகைக்குக் குடியிருந்த கிரெய்கி இல்லத்தையே விலைக்கு வாங்கி இவர்களுக்கு அளித்தார். நூல்களின் வருவாய் போதிய அளவு பெருகியதும் 1854இல் பேராசிரியர் பதவியிலிருந்து விலகினார். கவிஞர் ஜேம்ஸ் ரசல் லோவெல் இவருக்குப் பின் அப்பதவியை ஏற்றார். இத்தாலியத் தொடர்பு அதனால் அறவில்லை. ஆர்வர்டில் இத்தாலியம் கற்பித்த லூயிஜி மோந்தி இவரது இல்லத்துக்கு அடிக்கடி வரும் நண்பர். 1863இல் வெளியான வழிப்போக்கர் விடுதிக் கதைகள் என்னும் நூலில் வரும் சிசிலியர் இவரே.

தாந்தே மொழிபெயர்ப்பு

டிவைன் காமெடி நரகம், உத்தரிக்கிற ஸ்தலம், விண்ணகம் என மூன்று பகுதிகளையும் 100 காண்டங்களையும் உடையது. லாங்ஃபெலோ 1843இல் நடுப்பகுதியிலிருந்து தொடங்கினார். காலையில் காப்பி கொதிக்கும் வரையுள்ள சில நிமிடங்களில் நின்றபடியே சில வரிகளை மொழிபெயர்ப்பார் என்று நண்பர்கள் சொல்வதுண்டு. பத்தாண்டுகளில் அப்பகுதி முடிந்தது. பிறகு பணி நின்றுபோயிற்று.

1861 ஜூலை 9 அன்று ஃபேனியின் உடையில் தீப்பற்றியது. அணைக்க முயன்ற லாங்ஃபெலோவுக்கும் முகத்திலும் கைகளிலும் தீப்புண்கள் ஏற்பட்டன. மறுநாள் ஃபேனி இறந்தார். மனைவியின் இறுதிச் சடங்கில் கலந்துகொள்ளக்கூட இவரால் இயலவில்லை. முகத்தில் சவரம் செய்ய முடியாமற்போனதால் வளர்த்த தாடியே பின்னாளைய படங்களில் காணப்படுவது. சொந்தக் கவிதை எழுத இயலாத நிலையில், 1862இல் மீண்டும் தாந்தேயை எடுத்தார். கடைசியாக எடுத்துக்கொண்ட நரகப் பகுதியின் 34 காண்டங்களை நாளொன்றுக்கு ஒன்றாக 34 நாட்களில் 1863 ஏப்ரலில் முடித்தார். புதிதாக எதையும் கற்பனை செய்ய வேண்டியதில்லை. அடுத்த வரி எப்போதும் முன்னால் எழுதப்பட்டுக் காத்திருக்கும். துயருற்றிருந்த மனத்துக்கு அத்தகைய வேலை ஏற்றதாக இருந்திருக்க வேண்டும்.

1865 அக்டோபர் முதல் புதன்கிழமை மாலைகளில் நண்பர்கள் கிரெய்கி இல்லத்தில் கூடி, அச்சுப்படிகளை இத்தாலிய மூலத்துடன் வரிவரியாக ஒப்பிட்டுத் திருத்தினர். லோவெல்லும் சார்லஸ் எலியட் நார்ட்டனும் இக்கூட்டத்தின் தூண்கள். முன்பு வெனிசில் அமெரிக்கத் தூதரக அதிகாரியாக இருந்த வில்லியம் டீன் ஹௌல்ஸ் பின்னர் சேர்ந்துகொண்டார். 1828இல் நேப்பிள்சு மொட்டை மாடியில் உடனிருந்த கிரீனும் ரோட் தீவிலிருந்து வந்து கலந்துகொள்வார். வாசிப்பு முடிந்ததும் இரவு விருந்து நடைபெறும். இக்குழு தாந்தே கழகம் எனப்பட்டது. தாந்தேயின் 600ஆவது பிறந்த ஆண்டான 1865இல் நரகப் பகுதியின் பத்துப் படிகள் மட்டும் தனியாக அச்சிடப்பட்டுப் புளோரன்சு விழாவுக்கு ஒன்று அனுப்பப்பட்டது. முழு நூல் மூன்று தொகுதிகளாக 1867இல் வெளிவந்தது.

மூலத்தின் மூவடி அமைப்பை வைத்துக்கொண்டு, எதுகை இயைபுகளைக் கைவிட்டு, வரிக்கு வரி சொல்லுக்குச் சொல் செல்வது இம்மொழிபெயர்ப்பின் முறை. இதனால் ஆங்கில நடை சில இடங்களில் இறுக்கமாகவும் இலத்தீன் சாயலுடனும் இருக்கிறது என்ற குறை அக்காலம் முதலே கூறப்பட்டு வருகிறது. அக்குறை பொருந்தக்கூடியதே. ஆனால் இத்தாலிய மூலத்தை அருகில் வைத்துக்கொண்டு கற்கும் மாணவருக்கு இதனினும் நம்பகமான துணை அக்கால ஆங்கிலத்தில் அரிது. கற்பித்துப் பழகியவர் செய்த மொழிபெயர்ப்பு என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது.

இறுதிக் காலம்

1868–69இல் குடும்பத்தினருடன் நான்காம் முறையாக ஐரோப்பா சென்றார். கேம்பிரிட்சு, ஆக்சுபோர்டு பல்கலைக்கழகங்கள் சிறப்புப் பட்டம் வழங்கின. விக்டோரியா அரசி வரவேற்றார். குளிர்காலத்தை ரோமில் கழித்தார். 1861இல் இத்தாலி ஒரே அரசாகியிருந்த போதிலும், ரோம் அப்போதும் போப்பாண்டவரின் ஆட்சியிலேயே இருந்தது. இசைமேதை பிரான்சு லிசித்தை அங்கு சந்தித்தார்.

1880இல் வெளியான அல்டிமா தூலே என்னும் கவிதைத் தொகுதியைக் கிரீனுக்குக் காணிக்கையாக்கினார். 1881இல் கேம்பிரிட்சில் தாந்தே சங்கம் முறைப்படி நிறுவப்பட்டபோது அதன் முதல் தலைவர் ஆனார். 1882 மார்ச் 24 அன்று தம் இல்லத்தில் காலமானார். மவுண்ட் ஆபர்ன் கல்லறைத் தோட்டத்தில் இவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது. இத்தாலியச் சிற்பி மைக்கலாஞ்சலோவைப் பற்றி நெடுங்காலம் எழுதி வந்து நிறைவுறாமல் விட்ட நாடகக் கவிதை, மறு ஆண்டு அச்சில் வந்தது. 1884இல் இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தின் கவிஞர் பகுதியில் இவரது மார்பளவுச் சிலை வைக்கப்பட்டது.

20ஆம் நூற்றாண்டில் கவிஞர் என்ற முறையில் இவரது மதிப்பு பெரிதும் சரிந்தது. கிரெய்கி இல்லம் தற்போது அமெரிக்கத் தேசியப் பூங்காச் சேவையின் பொறுப்பில் வரலாற்றுச் சின்னமாக உள்ளது.